கொலுசுச் சத்தம் நின்ற வாரம்

எங்கள் வீட்டில் கொலுசு போடுகிறவளுக்காக இல்லை, கேட்கிறவர்களுக்காக. தங்கைக்குக் காது கேட்காது என்று இரண்டு வயதில் தெரிந்தது. நடக்க ஆரம்பித்த பிள்ளை எங்கே இருக்கிறது என்று கூப்பிட்டுப் பார்க்க முடியாது, கூப்பிட்டால் திரும்பாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா, சலங்கை முத்து நிறைய வைத்து ஒரு கொலுசு செய்து அவள் காலில் மாட்டிவிட்டார். அடுப்படியில் நின்றபடியே அம்மாவுக்குத் தெரிந்துவிடும், பாப்பா உள்ளே இருக்கிறாளா, வாசலுக்குப் போய்விட்டாளா என்று. அவள் வளர வளரக் கொலுசும் மாறிக்கொண்டே வந்தது. பத்தொன்பது வயதிலும் காலில் கிடந்தது. அதன் சத்தத்தை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வருஷம் ஆடி மாசம், எங்கள் குகைப் பகுதி மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம், அம்மா என்னிடம் சொன்னாள்: "என்னமோ வீடே வெறிச்சுன்னு இருக்குது கண்ணு." டிவி ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. இருந்தும் அம்மா சொன்னது சரிதான் என்று எனக்கும் பட்டது. எது குறைகிறது என்று புரிய அரை மணி நேரம் ஆயிற்று. பாப்பா காலில் கொலுசு இல்லை.

அறுந்துவிட்டது, பையில் வைத்திருக்கிறேன் என்று கையைக் காட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். நான் ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவள், அன்றைக்கு மாசக் கடைசி வேலை. இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அப்பா பட்டறைக்காரர். அறுந்த கொலுசை அவரிடம் கொடுக்காமல் யாராவது பையில் வைத்துக்கொள்வார்களா?

அது அடகுக் கடையில் இருந்தது, ஒன்பதாயிரத்துக்கு. அதற்கு முன்பு அவளுடைய தையல் யூனிட் சம்பளத்திலிருந்து மூவாயிரம், அப்புறம் நாலாயிரம். மொத்தம் பதினாறாயிரம், முகம் தெரியாத ஒருவனுக்குப் போயிருந்தது.

கதை முழுசாக வெளியே வர மூன்று ராத்திரி ஆயிற்று. அவள் மறைத்ததால் இல்லை, எனக்குப் புரியாததால். அப்போது நான் சைகை மொழி படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம்தான். "மெதுவா, மெதுவா" என்று நான் கையைத் தாழ்த்திக் காட்டுவேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நாம் அழுதுகொண்டே பேச முடியும். அவளால் அது முடியாது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணீரைத் துடைக்கக் கை போய்விட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் கணக்கு. பெயருக்குப் பக்கத்தில் "டெஃப்", அதாவது காது கேளாதவர், என்று போட்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் இருப்பதாகச் சொன்ன அந்தப் பெண், நீயும் டெஃப் நானும் டெஃப் என்று நெருங்கினாள். பாப்பா வீடியோ காலுக்குக் கூப்பிட்டபோது, "மலையில் சிக்னல் இல்லை, நீ ரெக்கார்ட் பண்ணி அனுப்பு" என்று பதில் வந்தது. அவளுக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால், மலையில் அப்படித்தான்.

பாப்பாவோடு ஹாஸ்டலில் படித்த ஒரு பெண்ணின் வீடு ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம். ஒரு புள்ளி சிக்னல் இருந்தால் நாம் "சாப்பிட்டியா, பஸ் ஏறிட்டேன்" என்று பேசி முடித்துவிடுவோம். கையால் பேசுகிறவர்களுக்கு அது போதாது. படம் நின்று நின்று வந்தால் கை எங்கே கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. வாக்கியத்தில் பாதி காணாமல் போகும். அதனால் அந்தப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பேசி வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்காடு ஏரிப் பக்கம் வரும்போது மொத்தமாக அனுப்பும். நாம் பேசுவது பேசியதோடு காற்றில் போய்விடுகிறது. அவர்கள் பேசியது போனில் கிடக்கிறது. அனுப்பியவளிடம் ஒன்று, வாங்கியவளிடம் ஒன்று. சில சமயம் போன் ரிப்பேர் கடையில் ஒன்று.

இதை அந்த ஆள் தெரிந்து செய்தானா, தற்செயலா, எனக்குத் தெரியாது. ஆனால் சரியாக அங்கேதான் கை வைத்தான்.

ஒரு விஷயம் பாப்பா கண்ணில் பட்டிருந்தது. அந்தக் கணக்கில் இருந்த இரண்டு வீடியோக்களில், பெண் ஒருத்தி ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டினாள். அது அமெரிக்க முறை. இந்தியச் சைகை மொழியில் எழுத்துகளை இரண்டு கைகளாலும் காட்டுவார்கள். யாரோ வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோவைத் திருடிப் போட்டிருக்கிறான். "கவனிச்சேன், வெளியூர்ல படிச்சிருப்பான்னு நினைச்சேன்" என்றாள். இன்னொன்றும் இருந்தது. வந்த மெசேஜ்களில் தமிழ் பிசிறில்லாமல் இருந்தது, வேற்றுமை உருபு ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறவியிலேயே கேட்காத எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. பள்ளியில் எழுத்தைப் பார்த்துப் படித்தது. அவர்கள் எழுதும் தமிழுக்கு வேறு அழகு, வேறு வரிசை. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.

ஒரு மாதம் பேசியபிறகு, அரசாங்கம் காது கேளாதவர்களுக்கு இலவச ஸ்மார்ட்போன் கொடுக்கிறது, நான் விண்ணப்பித்துத் தருகிறேன் என்று வந்தது. தமிழக அரசு தகுந்த செயலிகளோடு ஸ்மார்ட்போன் கொடுப்பது நிஜம். அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். நிஜத் திட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் பொய் உள்ளே வந்தது. பாப்பா ஆதாரையும் அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்பினாள், அப்பாவின் போன் நம்பரையும் கொடுத்தாள். அடுத்த வாரம் அவள் அனுப்பிய வீடியோ ஒன்றையே திருப்பி அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: பணம் போடு, இல்லாவிட்டால் இது உன் அப்பாவுக்குப் போகும்.

அந்த வீடியோவில் அசிங்கமாக எதுவும் இல்லை. நைட்டியோடு, தலை பின்னாமல், கட்டிலில் உட்கார்ந்து ஒரு பெண் தன் மனசில் இருப்பதைப் பேசுகிறாள். அவ்வளவுதான். எங்கள் தெருவில் அதுவே போதும் ஒரு பெண்ணைப் பயமுறுத்த.

"முகத்தைக் காட்டாம பேச வேண்டியதுதானே?" என்று சித்தப்பா கேட்டார். நல்ல மனுஷர், அக்கறையில்தான் கேட்டார். எல்லாப் பாதுகாப்பு வகுப்பிலும் அதைத்தானே சொல்கிறார்கள், முகம் தெரியும் வீடியோ அனுப்பாதே என்று. சைகை மொழியில் முகம்தான் பாதி இலக்கணம். புருவம் ஏறினால் அது கேள்வி. தலை அசைந்தால் இல்லை. கன்னம், உதடு எல்லாம் பேசும். முகத்தை மறைத்துக்கொண்டு பேசு என்று பாப்பாவிடம் சொல்வது, என்னிடம் வினைச்சொல் இல்லாமல் பேசு என்பதைப் போல. கேட்கிற பிள்ளைகளை மனசில் வைத்து எழுதின எச்சரிக்கையை அப்படியே கொண்டுவந்து கொடுத்தால் இவர்களுக்கு அது எச்சரிக்கையே இல்லை, வாயை மூடு என்கிற கட்டளை.

மாமா நேரடியாகவே சொன்னார்: "போனைப் புடுங்கி வைங்க."

அதற்கு நான் 2020-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஹாஸ்டலில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த பதினாலு வயசுப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. வீட்டில் யாருக்கும் அவள் மொழி தெரியாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா கூட்டிப்போன ஓர் இடத்தில், கையால் பேசிப் பழக்காதீர்கள், அப்புறம் வாயால் பேசவே மாட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருப்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழியில்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடி அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். நடுவில் நூற்று முப்பது வருஷம். எங்கள் குகை வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது அந்தத் தீர்மானம்.

இப்படிக் காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் அப்பா அம்மாவுக்குத்தான் பிறக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வேற்று மொழிக்காரர்களாக வளர்கிறார்கள்.

ஊரடங்கில் வெளியே போனால் எல்லார் முகத்திலும் மாஸ்க், உதட்டசைவும் போயிற்று. இரண்டு மாதம் பாப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஆன்லைன் வகுப்புக்கென்று அப்பா கடன் வாங்கி ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் போனைச் சொம்பில் சாய்த்து வைத்தாள். பேச இரண்டு கையும் வேண்டுமே. திரையில் சின்னச் சின்னக் கட்டமாக அவள் கூட்டாளிகள் வந்தார்கள். சார்ஜ் தீரும் வரைக்கும் பேசினாள். சிரித்தாள், கோபித்தாள், யாரையோ மாதிரி நடித்துக் காட்டினாள். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு பேசுவாளா இவ?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைச் சைகை மொழி படிக்க வைத்தது. சில வருஷம் தாமதமாக.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது நமக்கெல்லாம் படம் பார்க்க வசதி வந்தது. இவர்களுக்குப் போனே அப்போதுதான் வந்தது. அதுவரைக்கும் அது காதில் வைக்கும் சாமான். அதைப் பிடுங்கி வைத்தால் நாம் பறிப்பது பொழுதுபோக்கை இல்லை. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. அவனுக்குப் பயந்ததைவிட, எங்களுக்குத் தெரிந்தால் போன் போய்விடும் என்றுதான் பாப்பா அதிகம் பயந்திருக்கிறாள். அதை அவளே சொன்னாள்.

"இவ்வளவு செய்தி வருதே, இவளுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா?" இதையும் பலர் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், எனக்கு எப்படி இந்தச் சந்தேகப் புத்தி வந்தது? யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், சாவு வீட்டுத் திண்ணையில், அம்மாவும் அத்தையும் அடுப்படியில் பேசும்போது காதில் விழுந்தது. இன்னார் மகன் ஓடிபி சொல்லி இரண்டு லட்சம் விட்டான், இன்னார் மருமகளுக்குப் பார்சல் வந்திருக்கிறது என்று போன் வந்தது. என்னைப் பார்த்துச் சொல்லாததுதான் எனக்கு அதிகம் தெரியும். பாப்பாவுக்குத் தெரிந்தது எல்லாம் அவளைப் பார்த்து யாராவது சொன்னது மட்டும். 2024 கடைசியில் தொடங்கி அடுத்த வருஷம் பாதி வரைக்கும், யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் சைபர் மோசடி எச்சரிக்கை ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அலுத்துப்போகிற அளவுக்குக் கேட்டோம். அது ஒரு தடவைகூடப் போய்ச் சேராத வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் செவித்திறன் குறையுள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல்.

புகார் கொடுக்க ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். எது என்று சொல்லவில்லை, அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. பாப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எல்லாக் கேள்வியையும் என்னிடம் கேட்டார்கள். "அவளையே கேளுங்க, நான் சொல்றேன்" என்றேன். நீங்கள் சொந்தக்காரர், அவள் வாக்குமூலம் அவளே எழுதட்டும் என்று தாளை நீட்டினார்கள். நியாயம்தான். அவள் எழுதினாள்:

"அவன் நான் பணம் கொடு. மூன்று முறை. வீடியோ அப்பா அனுப்பு சொல். பயம். கொலுசு கடை வை."

எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அவன் இவளுக்குப் பணம் கொடுத்தானா? எதுக்கும்மா கொடுத்தான்?"

என் உடம்பு நடுங்கியது. ஒரு உருபு இல்லாததால், பணம் கொடுத்தவள் பணம் வாங்கியவள் ஆகிவிட்டாள். ஒரு பெண் பணம் வாங்கினாள் என்றால் அடுத்த கேள்வி எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். சைகை மொழியில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. கை என்னிடமிருந்து கிளம்பி அவன் பக்கம் போனால் நான் கொடுத்தேன். அவன் பக்கமிருந்து என் நெஞ்சுக்கு வந்தால் அவன் கொடுத்தான். நாம் -க்கு என்று ஒட்டுவதை அவர்கள் திசையில் வைக்கிறார்கள். பாப்பா எழுந்து நின்று அதைச் செய்தும் காட்டினாள். தன் நெஞ்சிலிருந்து வெளியே, மூன்று முறை. அதைப் படிக்க அந்த அறையில் அரைகுறையாகத் தெரிந்த நான் ஒருத்திதான் இருந்தேன்.

அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, பாலியல் தொல்லை, மறைந்து படமெடுப்பது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது போன்ற குற்றங்களில் புகார் கொடுப்பவர் உடல் ஊனமுள்ள பெண் என்றால், அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் வாக்குமூலம் வாங்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. பழைய சட்டத்திலும் 2013 முதல் இது இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதில் சைகை மொழியையும் சேர்த்தே சொல்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டியது, சலுகை இல்லை.

பணம் போன உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பக்கத்து வங்கிக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. ஆனால் அது பேச வேண்டிய எண். அதனால் ஒவ்வொரு காது கேளாத பிள்ளையும், கேட்கிற ஒருவரை இதற்கென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: நான் இந்த ஒரு படத்தை அனுப்பினால், எதுவும் கேட்காமல் 1930-ஐக் கூப்பிடு. பாப்பாவுக்கு அந்த ஆள் நான். எங்கள் அடையாளம் ஒரு கொலுசுப் படம், அவளே தேர்ந்தெடுத்தது. எழுத்தில் கொடுக்க சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளம் இருக்கிறது, நாங்கள் கடைசியில் அதில்தான் பதிவு செய்தோம். வந்த சாட் மெசேஜ்களை அழிக்கக் கூடாது. பயத்தில் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள், பாப்பாவும் பாதியை அழித்திருந்தாள். அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டது என்றால் ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு தளம் உண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் டேக் இட் டவுன். படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படம் தங்களிடம் பரவாமல் தடுக்கும்.

எங்களுக்குப் பணம் திரும்பி வரவில்லை. நாங்கள் போனது மூன்று வாரம் கழித்து.

"அவளும் டெஃப்" என்கிற நம்பிக்கையைப் பற்றி எனக்கு நிறைய யோசனை ஓடியது. உலகம் முழுக்கத் தன்னோடு பேசாதபோது, பேசுகிற ஒருத்தர் கிடைத்தால் மனசு திறக்கத்தானே செய்யும். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பீர்கள், முன்பின் தெரியாத இரண்டு பேர் கையசைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் தோள்மேல் கை போட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்குள் ஒருவர், கீழே ஒருவர், மூடின கண்ணாடி வழியாகப் பேசி முடித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சொந்தம்தான் அவர்கள் சொத்து. அதையே திருடப் பார்க்கிறவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2009-இல் ஹவாயில் ஒரு நிறுவனத்தின் மேல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. காது கேளாதவர்களையே தேடிப் பிடித்து, அந்நியச் செலாவணியில் லாபம் என்று சொல்லி, பின்னால் வந்தவர்கள் பணத்தை முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது.

இதற்கு மருந்தும் அந்தச் சொந்தத்துக்குள்ளேயே இருப்பதைப் பாப்பாவின் கூட்டாளிகள்தான் காட்டினார்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஏற்காடு போனேன், நாகலூர்ப் பெண்ணைப் பார்க்க. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், பேச்சு ஒரு கைப் பேச்சாகச் சுருங்கிவிடும். ஏரிக்கரையில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். பாப்பா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். யாரும் அவளை முட்டாள் என்று சொல்லவில்லை. வெள்ளிப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையன் மெதுவாகக் கையைத் தூக்கி, எனக்கும் என்றான். இன்னொரு பெண்ணும் எனக்கும் என்றாள். ஆறில் மூன்று. மற்ற இருவரும் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் அவர்களே ஒரு வழி பேசி வைத்தார்கள். புதிதாக யாராவது டெஃப் என்று வந்தால், எந்த ஸ்கூல் என்று கேட்பது. எந்த வருஷம், டீச்சர் யார் என்று கேட்பது. அப்புறம் அந்த டீச்சரின் அடையாளப் பெயரைச் செய்து காட்டச் சொல்வது. சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எழுதின பெயரைக் கையால் காட்டுவது இல்லை, ஆளைப் பார்த்து வைத்தது. ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவருக்குச் சுருட்டை முடி. எனக்கு மோவாயில் மச்சம், அதைத் தொட்டால் நான். அது எந்த இணையதளத்திலும் இல்லை, ஆதாரில் இல்லை. கூட இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாஸ்வேர்டு கிடையாது. நேரில் பார்க்காதவர்களோடு மனசு விட்டுப் பேசுவது நேரலையில் மட்டும், ரெக்கார்ட் பண்ணி அனுப்புவது பஸ் நேரமும் சாப்பாடும் மாதிரி விஷயங்களுக்கு என்றும் முடிவு செய்தார்கள். ஒரு தடவை பார்த்தால் மறையும் வீடியோவை நம்ப வேண்டாம், இன்னொரு போனால் படம் பிடித்துவிடலாம் என்று அந்தப் பட்டறைப் பையன் செய்தே காட்டினான். நான் மண்டியில் ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் இதில் பாதி எனக்குத் தோன்றியிருக்காது.

அந்த வீடியோ அப்பாவுக்கு வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, தள்ளிப் போட்டேன்.

பணம் நின்றதும் அவன் சொன்னபடி அனுப்பிவிட்டான், ராத்திரி பதினோரு மணிக்கு. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நானும் அம்மாவும் நின்றோம். அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார். மூன்றாவது தடவை போட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "என்ன கண்ணு சொல்றா?"

எனக்குப் புரிந்த வரைக்கும் சொன்னேன். வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். என்ன என்று கேட்டால் "அப்புறம் சொல்றேன்" என்கிறார்கள். அப்புறம் வருவதே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த சைகை நாலுதான். சாப்பிடு, தூங்கு, வா, பணம். அவர் நல்லவர், ஆனால் எனக்கு அவரைத் தெரியாது.

அப்பா திரையை நிறுத்தி ஓர் இடத்தைக் காட்டினார். பாப்பா கன்னத்தை உப்பி, உதட்டோரம் விரலை வைத்து ஊதுகிறாள். "இது அடிக்கடி வருது. இது என்ன?"

வெள்ளியில் பற்ற வைக்கும்போது ஊதுகுழலை வாயில் வைத்து அப்பா அப்படித்தான் ஊதுவார். சின்ன வயதில் பட்டறைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"அது நீங்கப்பா" என்றேன். "அவ பாஷையில உங்க பேரு."

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் கொலுசை மீட்டுக்கொண்டு வந்தார். அம்மா அதை நீட்டியபோது பாப்பா வாங்கவில்லை. "நான் ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டாள், புருவத்தைத் தூக்கி. அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இப்போது அம்மா அவளைக் கூப்பிட வேண்டும் என்றால் லைட் சுவிட்சை இரண்டு தடவை தட்டுகிறாள். கொலுசு சாமி அலமாரியில் இருக்கிறது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்களைப் பார்க்கிறோம். 2021 கணக்குப்படி அதில் பத்தாயிரம் சொற்கள். நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து. சிலதைப் பார்த்துப் பாப்பா சிரிப்பாள், இது டெல்லிக்காரர்கள் கை, சேலத்தில் இப்படி இல்லை என்று திருத்துவாள். அப்பாவுக்கு விரல் மடங்காது. நாற்பது வருஷம் கம்பி இழுத்த விரல். ஆனால் விடமாட்டார்.

"கொடு" மட்டும் அவருக்கு இன்னும் திசை மாறுகிறது. நேற்றுக்கூட டீ கேட்டார். டீ என்று சரியாகக் காட்டினார், அப்புறம் கையைத் தன் நெஞ்சிலிருந்து அவள் பக்கம் நீட்டினார். நான் உனக்கு டீ தருகிறேன் என்று அர்த்தம். பாப்பா சரி என்று தலையாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பா எழுந்து அடுப்படிக்குப் போனார்.